ஜெனரலிசிமோவும் நம்மூர் தளபதியும்

ஜெனரலிசிமோ என்ற பட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உலகப்போர்க் கால வரலாற்றில் ரஷ்யாவின் ஸ்டாலின், சீனாவின் சியாங் கை ஷேக், ஸ்பெயினின் ஃபிராங்கோ மூவரின் பெயருக்கு முன்னாலும் அது வருகிறதே, சாதாரண ஜெனரலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அமெரிக்கர்கள் அதைச் சொல்லி ஏன் சிரிக்கிறார்கள்? சென்னைச் சுவர்களில் பார்த்துப் பழகிய ‘தளபதி’யும் அதே ரகம்தானா? இன்றைக்கு யாராவது அந்தப் பட்டத்தோடு இருக்கிறார்களா? இவைதான் உங்கள் கேள்விகள். தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வருகிறது.

முதலில் சுருக்கமாக. ஒரு படையில் ஜெனரல்கள் பலர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே இன்னொருவர் உண்டு. ஜெனரலிசிமோ அந்த ஜெனரல்கள் எல்லோருக்கும் மேலே நிற்பவர். படைக்குள் அவருக்கு மேலே ஆள் கிடையாது. சில நாடுகளில் அரசாங்கத்திலும் அவருக்கு மேலே ஆள் இல்லை என்று ஆகிப்போனது. அங்கேதான் வினை. நம்மூரில் ஒருவரைத் தளபதி என்று அழைத்தால், அவருக்கு மேலே ஒரு தலைவர் இருக்கிறார் என்பது அதிலேயே அடக்கம். அதனால் இரண்டும் ஒரே ரகம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தப் பட்டத்தைப் பார்த்தாலும் இதை யார் கொடுத்தார்கள், கொடுத்தவர்களால் திரும்ப வாங்க முடியுமா என்று கேளுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பட்டம் பெருமைக்காகப் பிறந்தது இல்லை. 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர் என்றால் களத்தில் அரசரின் சொந்தப் படை நிற்கும், கூட்டாளி அரசர்களின் படைகள் நிற்கும், கூலிக்குச் சண்டை போடும் படைகளும் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெனரல். பெண் வீட்டார் ஒரு சமையல்காரரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு சமையல்காரரையும் கூட்டிவந்துவிட்ட கல்யாண மண்டபத்தில், உலை எப்போது வைப்பது என்று யாரோ ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? அப்படி எல்லாப் படைகளுக்கும் சேர்த்து ஒரே ஆள் சொல் செல்லுபடியாகட்டும் என்று உண்டாக்கிய பொறுப்பு இது. 1569-இல் பிரான்சில், பின்னால் மூன்றாம் ஹென்றி என்று அரியணை ஏறப்போகும் இளவரசருக்கு இதைக் கொடுத்ததைத்தான் பொதுவாக முதல் உதாரணமாகச் சொல்வார்கள்.

ஆனால் இந்தப் பட்டத்தின் ஆபத்தைப் புரிந்துகொள்ள வாலன்ஸ்டைன் கதையைப் பார்க்க வேண்டும். 1618-இல் தொடங்கிய முப்பதாண்டுப் போரில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டிடம் போதுமான படை இல்லை. பொஹீமியப் பிரபுவான வாலன்ஸ்டைன், என் செலவில் படை திரட்டித் தருகிறேன் என்று 1625-இல் முன்வந்தார். திரட்டியும் தந்தார். அந்தப் படைக்குப் பேரரசர் சம்பளம் கொடுக்கவில்லை. போகிற ஊர்களில் வசூலித்தே வாலன்ஸ்டைன் அதை நடத்தினார். அப்படியானால் படை யாருடையது? ஜெர்மன் இளவரசர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்து, 1630-இல் அவரை வேலையை விட்டு நீக்க வைத்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டில் சுவீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் ஜெர்மனியை வென்றுகொண்டே வர, பேரரசருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. 1632-இல் முன்னைவிட அதிக அதிகாரம் கொடுத்து வாலன்ஸ்டைனைத் திரும்ப அழைத்தார். அந்த ஆண்டு நவம்பரில் லூட்சன் போரில் சுவீடன் அரசர் இறந்தார். ஆபத்து விலகியதும், இத்தனை அதிகாரம் உள்ள ஒருவரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவரோ பேரரசரைக் கேட்காமலே எதிரிகளோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். 1634 பிப்ரவரி 25 அன்று, இன்று செக் நாட்டில் செப் என்று அழைக்கப்படும் ஊரில், அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளே அவரைக் கொன்றார்கள். பேரரசர் கொலையாளிகளுக்குப் பரிசும் கொடுத்தார்.

எனக்கு இதில் வாலன்ஸ்டைன் நல்லவரா கெட்டவரா என்பது முக்கியமாகப் படவில்லை. ஒரே ஆளிடம் எல்லாப் படையையும் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க முறையான வழி ஒன்றும் இருக்காது என்பதுதான் பெரிதாகப் படுகிறது. பேரரசரே கத்தியை அனுப்ப வேண்டியிருந்தது.

ரஷ்யாவில் இந்தப் பட்டம் வாங்கியவர்கள் மிகச் சிலர். அவர்களில் பலருக்கு அது ராசியாக இருக்கவில்லை. மகா பீட்டரின் நெருங்கிய நண்பர் மென்ஷிகோவ், சாதாரணக் குடும்பத்தில் பிறந்து நாட்டையே ஆட்டிவைக்கும் இடத்துக்கு வந்தவர். 1727 மே மாதம் ஜெனரலிசிமோ ஆனார். செப்டம்பரில் பதவி, சொத்து எல்லாம் பறிபோய் நாடு கடத்தப்பட்டார். 1729-இல் சைபீரியாவில் இறந்தார்.

சுவோரோவ் கதை வேறு மாதிரி. பெரிய போர் ஒன்றிலும் தோற்காதவர் என்று ரஷ்யர்கள் கொண்டாடும் தளபதி அவர். 1799-இல், எழுபதை நெருங்கும் வயதில், பிரெஞ்சுப் படைகளிடம் சிக்கிவிடாமல் தன் வீரர்களை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மீட்டுக்கொண்டு வந்தார். அதற்காகத்தான் பேரரசர் பால் அவருக்கு ஜெனரலிசிமோ பட்டம் கொடுத்தார். சில மாதங்களிலேயே அதே பேரரசரின் கோபத்துக்கும் ஆளானார். 1800 மே மாதம் அவர் இறந்தபோது அந்தப் பட்டத்துக்கு உரிய மரியாதை இல்லாமல்தான் அடக்கம் நடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கல்லறையில் ‘இங்கே சுவோரோவ் கிடக்கிறார்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பட்டம் கிடையாது, போர்களின் பட்டியல் கிடையாது. ரஷ்யாவில் அந்தப் பட்டத்தைத் தன் உழைப்பால் முழுசாகச் சம்பாதித்தவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான் என்பேன். அவர் கல்லறையில் அது இல்லை.

அதே நாட்டில்தான் 145 ஆண்டுகள் கழித்து ஸ்டாலின் வருகிறார். 1945 ஜூன் 24 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்பு. வெள்ளைக் குதிரையில் வந்து அணிவகுப்பை ஏற்றவர் மார்ஷல் ஷுகோவ். மூன்று நாள் கழித்து, ஜூன் 27 அன்று, சோவியத் யூனியனின் ஜெனரலிசிமோ என்ற பட்டம் ஸ்டாலினுக்கு வழங்கப்பட்டது. அதற்கென்று தங்க வேலைப்பாட்டோடு ஒரு சீருடையும் தயாரித்துக் காட்டினார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மார்ஷல் சீருடையையே போட்டுக்கொண்டார். இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. களத்தில் நின்று வென்ற ஷுகோவ் அடுத்த ஆண்டே ஓரங்கட்டப்பட்டு ஒடெஸாவுக்கு அனுப்பப்பட்டார். சீருடை எதுவானாலும் அந்த நாட்டில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது.

பட்டத்தை அதன் பழைய, நியாயமான பொருளில் பயன்படுத்திய சந்தர்ப்பமும் உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் அமெரிக்கர்களும் தனித்தனியே சண்டை போட்டு அவதிப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1918 மார்ச் மாதம் ஃபோஷ் என்ற பிரெஞ்சு ஜெனரலிடம் எல்லாப் படைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவரை ஜெனரலிசிமோ என்றே எழுதின. நவம்பரில் போர் முடிந்தது. அவருடைய அந்த அதிகாரமும் போருக்கானதுதான். பிரான்சின் ஆட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரான கிளெமான்சோவிடமே இருந்தது.

ஸ்பெயினில் அந்த வரம்பு உடைந்தது. 1936 செப்டம்பரில், உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆன நிலையில், கிளர்ச்சி செய்த ஜெனரல்கள் சாலமாங்கா அருகே ஒரு விமானத்திடலில் கூடி, 43 வயது ஃபிராங்கோவை ஜெனரலிசிமோவாகத் தேர்ந்தெடுத்தார்கள். போரை நடத்த ஒரே தலைமை வேண்டும் என்ற அதே பழைய காரணம்தான். மூத்த ஜெனரல் கபனெல்லாஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இவரை எனக்குத் தெரியும், ஸ்பெயினை இவர் கையில் கொடுத்தால் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார், சாகும்வரை யாருக்கும் தரமாட்டார் என்று அவர் எச்சரித்தார். அக்டோபர் 1 அன்று ஃபிராங்கோ அரசின் தலைவராகவும் பதவி ஏற்றார். போர் 1939-இல் முடிந்தது. அவர் 1975 நவம்பர் 20 அன்று இறக்கும்வரை விலகவில்லை. கபனெல்லாஸ் சொன்னது அப்படியே நடந்தது.

நீங்கள் கேட்ட அமெரிக்கச் சிரிப்பு பிறந்தது இந்த மரணத்திலிருந்துதான். அந்த இலையுதிர் காலத்தில் ஃபிராங்கோ பல வாரம் சாகக் கிடந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் வேறு எது இல்லாவிட்டாலும் ‘ஃபிராங்கோ இன்னும் உயிரோடு இருக்கிறார்’ என்ற வரி இருந்துகொண்டே இருந்தது. அக்டோபரில்தான் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. ஃபிராங்கோ இறந்த பிறகு அதில் செய்தி வாசிப்பவராக வந்த செவி சேஸ், வாரம் தவறாமல் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, ஜெனரலிசிமோ ஃபிரான்சிஸ்கோ ஃபிராங்கோ இன்னும் இறந்தேதான் இருக்கிறார் என்று முக்கியச் செய்தியாக அறிவிப்பார். அமெரிக்கர்களுக்கு இன்றும் ஜெனரலிசிமோ என்றதும் நினைவுக்கு வருவது இதுதான்.

அந்த வரி ஏன் அவ்வளவு சிரிப்பைக் கிளப்பியது என்பதற்குச் செய்திகளைக் கிண்டல் செய்தது ஒரு காரணம். இன்னொன்று அந்தப் பட்டமே. நீட்டி முழக்கிச் சொல்லவேண்டிய பட்டம், இறந்துபோன ஒருவருக்கு. ‘ஃபிராங்கோ இன்னும் இறந்தே இருக்கிறார்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதி சிரிப்புதான் வந்திருக்கும். 36 ஆண்டுகள் ஒரு நாட்டை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தவரின் பட்டத்தை எந்தப் பயமும் இல்லாமல் வாரம் ஒருமுறை உச்சரிப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. கேலி என்று அதை ஒதுக்கிவிடக்கூடாது. பயந்து வாழ்ந்த ஜனங்களுக்குக் கேலி பெரிய உதவி.

டொமினிகன் குடியரசின் ட்ருஹியோவும் ஜெனரலிசிமோதான். 1936-இல் தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்கே தன் பெயரை வைத்தார். நாட்டின் மிக உயரமான மலைக்கும் அவர் பெயர்தான். 1961-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தலைநகர் பழைய பெயருக்குத் திரும்பியது, மலைக்கு விடுதலைத் தலைவர் டுவார்டேயின் பெயர் வந்தது. மாட்ரிட் நகரில் ஜெனரலிசிமோ அவென்யூ என்று இருந்த பெரிய சாலையும் பிறகு காஸ்தெயானா என்ற பெயருக்கு மாறிவிட்டது. உகாண்டாவின் இடி அமீன் இன்னும் ஒரு படி மேலே போய், பிரிட்டிஷ் பேரரசை வென்றவர் என்று பட்டம் சூட்டிக்கொண்டார். உலகம் சிரித்தது. உகாண்டாவில் லட்சக்கணக்கானோர் அவர் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பட்டங்கள் வேடிக்கை.

சியாங் கை ஷேக்கை ஆங்கிலப் பத்திரிகைகள்தான் ஜெனரலிசிமோ என்று பரப்பின. அமெரிக்கச் சிப்பாய்கள் அதை ‘ஜிமோ’ என்று சுருக்கினார்கள். அவருக்குத் துணையாக அனுப்பப்பட்ட அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லுக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. ‘வேர்க்கடலை’ என்றுதான் குறிப்பிடுவார். இந்த ஜெனரலிசிமோ 1942 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்துப் பேசினார். காந்தியின் ராணுவத்தில் பட்டமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடே அவர் சொல்லுக்கு எழுந்தது.

இத்தனை பேரில் என் மனதுக்குப் பிடித்தவர் ஒருவர் இருக்கிறார். மெக்சிகோ விடுதலைப் போரில் படை நடத்திய மோரேலோஸ் என்ற பாதிரியார். 1813-இல் சில்பன்சிங்கோ நகரில் கூடிய பேரவை அவரை ஜெனரலிசிமோவாகத் தேர்ந்தெடுத்தது. அத்தோடு ‘மேன்மை தங்கிய’ என்ற அடைமொழியையும் சேர்க்கப் பார்த்தார்கள். அவர் அதை மறுத்துவிட்டுத் தன்னைத் ‘தேசத்தின் ஊழியன்’ என்று அழைத்துக்கொண்டார். 1815-இல் ஸ்பானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மெக்சிகோவில் இன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது அந்த ‘ஊழியன்’ என்பதைத்தான்.

இதைப் படித்ததும் தமிழ் தெரிந்த யாருக்கும் பரஞ்சோதி நினைவுக்கு வருவார். பல்லவர்களின் தளபதியாக வாதாபியை அழித்துவிட்டு யானையும் குதிரையும் பொன்னுமாகத் திரும்பியவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. முதலாம் நரசிம்மவர்மன் 642-இல் சாளுக்கியர்மீது நடத்திய போர்தான் அது என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அவர் பிறகு ஆயுதத்தை வைத்துவிட்டுத் திருச்செங்காட்டங்குடியில் அடியார்களுக்கு முன் தன்னைச் சிறியவராக்கிக்கொண்டு வாழ்ந்ததால் சிறுத்தொண்டர் ஆனார். அறுபத்துமூவரில் அவருக்கு இடம் கிடைத்தது அந்தப் பெயரில்தான்.

படைத்தலைவனுக்குப் பட்டம் கொடுப்பது நம்மிடம் ரொம்பப் பழைய வழக்கம். சங்க காலத்தில் ஏனாதி என்ற பட்டமும் அதற்கென்று மோதிரமும் அரசன் கொடுப்பான். சோழர் காலத்தில் சேனாதிபதிகளுக்கு அரசன் பெயரையே சேர்த்துப் பட்டம் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாதிபதி கிருஷ்ணன் ராமனுக்கு மும்முடிச்சோழ பிரம்மமாராயன் என்று பட்டம். மும்முடிச்சோழன் என்பது ராஜராஜனின் பெயர். அதாவது பட்டத்தைச் சொல்லும்போதே கொடுத்தவன் யார் என்பதும் தெரிந்துவிடும். நாயக்கர் காலத்தில் தளவாய்கள். மதுரை அரியநாத முதலியார் அவர்களில் பேர்போனவர். இவர்கள் எல்லோருக்கும் தலைக்கு மேல் ஓர் அரசன் இருந்தான்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். இங்கே அரசியலில் படைச்சொற்கள் நுழைந்தது சினிமாவுக்கு முன்பே. 1930-களின் சட்டமறுப்பு இயக்கத்தில் காங்கிரஸ்காரர்கள் சிறைக்குப் போகப் போக அடுத்த ஆளைச் ‘சர்வாதிகாரி’ என்று நியமித்து மறியலை நடத்தினார்கள். 1938 இந்தி எதிர்ப்பில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்த அணிக்குப் பெயர் தமிழர் படை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பட்டுக்கோட்டை அழகிரியும் அதில் முன்னணியில் இருந்தவர்கள். அழகிரி முதல் உலகப்போரில் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர். 1940-களில் பெரியார் கருஞ்சட்டைப் படையை அமைத்தார். 1953-இல் தி.மு.க. நடத்தியது மும்முனைப் போராட்டம். துப்பாக்கி இல்லாத கூட்டத்துக்குக் கட்டுப்பாட்டையும் தைரியத்தையும் கொடுக்கத்தான் இந்தச் சொற்கள் தேவைப்பட்டன. நாம் ஒரு படை என்று நினைத்துக்கொண்டால்தான் போலீஸ் தடிக்கு முன்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்.

அந்த நாளில் தளபதி என்றால் அண்ணாதான். திராவிடர் கழகத்தில் தலைவர் பெரியார், தளபதி அண்ணாதுரை. இரண்டும் ஜோடியாகவே வரும். 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க. தொடக்கவிழாக் கூட்டம் நடந்தது. தலைவர் நாற்காலி பெரியாருக்கே உரியது, அது காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அண்ணா பொதுச்செயலாளராக மட்டும் இருந்தார். பிரிந்து வந்த பிறகும் தனக்கு மேலே ஓர் இடத்தை விட்டுவைத்தார். தளபதி என்ற சொல்லுக்குத் தமிழ் அரசியலில் இருக்கும் இலக்கணம் அன்றைக்கு அந்த மேடையில் தெளிவாகத் தெரிந்தது என்பது என் எண்ணம். ஃபிராங்கோவின் விமானத்திடலில் நடந்ததற்கு இது நேர் எதிர்.

அடுத்த தலைமுறையில் அந்தப் பெயர் மு.க. ஸ்டாலினுக்கு வந்தது. இங்கே வரலாற்றில் ஓர் ஆச்சரியமான பொருத்தம் இருக்கிறது. அவர் பிறந்தது 1953 மார்ச் 1. பெரியாரையும் அண்ணாவையும் நினைத்து ஐயாதுரை என்று பெயர் வைக்கக் கலைஞர் எண்ணியிருந்தார். மார்ச் 5 அன்று மாஸ்கோவில் ஜெனரலிசிமோ ஸ்டாலின் இறந்தார். சென்னையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் குழந்தைக்கு ஸ்டாலின் என்ற பெயரைக் கலைஞர் அறிவித்தார். ஜெனரலிசிமோவின் பெயரைத் தாங்கியவர் பின்னாளில் தளபதி ஆனார். 1980-இல் மதுரை ஜான்சிராணி பூங்காவில் இளைஞரணி தொடங்கியபோதிருந்து அவர் வளர்ந்த இடம் அது. கலைஞர் தலைவர், இவர் தளபதி என்ற வரிசை பல ஆண்டுகள் நீடித்தது. 2018 ஆகஸ்ட் 28 அன்று அவர் கட்சித் தலைவரானார், 2021 மே 7 அன்று முதலமைச்சரானார். தலைவராகிவிட்ட பிறகு தளபதி என்பது பதவிப் பெயராக இல்லாமல் பாசப் பெயராகத் தங்கிவிட்டது. மூத்த தொண்டர்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சினிமா வழியாக வந்த கிளை தனி. 1990-களின் நடுவில் நடிகர் விஜய்க்கு ‘இளைய தளபதி’ என்ற பட்டம் வந்தது. 2017-இல் படத்தின் பெயர் அட்டையிலிருந்து ‘இளைய’ போய்த் ‘தளபதி’ மட்டும் நின்றது. 2024 பிப்ரவரி 2 அன்று அவர் கட்சியை அறிவித்தார். ஒரே ஊரில் இரண்டு தளபதிகள் என்று அப்போது பேசிக்கொண்டோம். இதற்கு முன்பே விஜயகாந்த் 1991-இல் தான் நடித்த ஒரு படத்தின் பெயரிலிருந்து ‘கேப்டன்’ ஆகி, 2005-இல் கட்சி தொடங்கி, 2011-இல் எதிர்க்கட்சித் தலைவராகவும் உட்கார்ந்தார். படைப்பிரிவில் கேப்டன் ஒன்றும் பெரிய பதவி இல்லை. ஆனாலும் தெருவில் ஜனங்கள் அந்தப் பெயரை எவ்வளவு உரிமையோடு சொன்னார்கள் என்பது சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பட்டத்தின் உயரம் இங்கே யாருக்கும் முக்கியமில்லை.

இந்தப் பட்டங்களை அரசு கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுக்கவும் முடியாது. அரசியல் சாசனத்தின் 18-ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக்கூடாது என்கிறது. பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தளபதியும் கேப்டனும் தொண்டரும் ரசிகரும் தாங்களாகக் கொடுத்தவை. தேர்தலில் தோற்கடித்துவிட்டு அதே வாயால் தளபதி என்றும் கூப்பிடுவார்கள். பட்டமும் பதவியும் வேறு வேறு கையில் இருக்கிறவரை நமக்குப் பயம் இல்லை.

சென்னையின் தெருக்களிலும் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது. எழும்பூரில் இன்று எத்திராஜ் சாலை என்று சொல்வதன் பழைய பெயர் கமாண்டர்-இன்-சீஃப் சாலை. பாரிஸ்டர் எத்திராஜ் 1948-இல் பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி அங்கே இருப்பதால், மொத்தப் படைக்கும் தலைமை தாங்கியவரின் பட்டம் போய் ஒரு வழக்கறிஞரின் பெயர் வந்தது. மவுண்ட் ரோட்டில் ஜெனரல் நீல் சிலை இருந்தது. 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரமாகப் பழிவாங்கியவர் அவர். 1927-இல் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்து, தொண்டர்கள் வரிசையாகச் சிறை போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் சிலை எடுக்கப்பட்டது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மவுண்ட் ரோடுதான் அண்ணா சாலை. இதற்கிடையில் ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாகன உதிரிபாகம் வாங்கப் போகிறோம், சௌகார்பேட்டையில் ஜெனரல் முத்தையா முதலி தெருவைக் கடக்கிறோம். அந்த ஜெனரல்கள் யார் என்று கேட்கிறவர் அபூர்வம்.

தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் மன்றோவும் மேஜர் ஜெனரல்தான். ஆனால் யாரும் அவரை அப்படி நினைப்பதில்லை. உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை, சேணமில்லாத குதிரைபற்றிய கதைகள், இவைதான் அவர் பெயரோடு ஒட்டியிருக்கின்றன.

சிரிப்பு விஷயத்திலும் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தெருக்கூத்தில் ராஜா திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது கட்டியங்காரன்தான் அவர் பட்டங்களை வரிசையாகச் சொல்லி வரவேற்பான். அதே கட்டியங்காரன் அடுத்த நிமிடம் ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்டுச் சனங்களைச் சிரிக்க வைப்பான். பட்டத்தைச் சொல்லும் வேலையையும் அதைக் கிண்டல் செய்யும் உரிமையையும் ஒரே ஆளிடம் கொடுத்துவைத்த கலை அது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு என்ன ஆனது பாருங்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. பிறகு ‘அவன் சரியான எம்டன்’ என்று கில்லாடியான ஆளைச் சொல்லும் பேச்சாக அது இறங்கிவிட்டது. பயம் தெளிந்த பிறகு ஊர் செய்யும் காரியம் இதுதான்.

காந்திக்கும் இந்த நகைச்சுவை இருந்தது. 1928 கல்கத்தா காங்கிரஸில் சுபாஷ் சந்திர போஸ் தொண்டர் படைக்கு ஜி.ஓ.சி. என்ற ராணுவப் பதவிப் பெயரோடு, பிரிட்டிஷ் அதிகாரியைப் போன்ற சீருடையில் நின்றார். காந்தி அதைச் சர்க்கஸோடு ஒப்பிட்டார். போஸ் பின்னாளில் உண்மையாகவே ஒரு ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தின் உச்சத் தளபதி ஆனபோதும் ஜெனரல், மார்ஷல் என்று எதையும் சூட்டிக்கொள்ளவில்லை. ‘நேதாஜி’ போதுமானதாக இருந்தது. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அவர் பின்னால் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். தென்னிந்தியாவின் தோட்டக் கூலிகள் தங்களைச் சிப்பாய் என்று சொல்லிக்கொண்ட அந்த வரலாற்றுக்கு நம் பாடப்புத்தகங்கள் இன்னும் நிறைய இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, இன்று யாரிடம் இந்தப் பட்டம் இருக்கிறது என்ற கேள்வி. வடகொரியாவில் கிம் இல் சுங்குக்கு 1992-இல் இதற்கு இணையான பட்டம் கொடுத்தார்கள். அவர் மகன் கிம் ஜாங் இல்லுக்கு 2012-இல், இறந்த பிறகு கொடுத்தார்கள். இப்போது ஆளும் கிம் ஜாங் உன் மார்ஷல்தான். இந்தியாவில் இப்படி ஒரு பட்டமே கிடையாது. நம் தரைப்படையில் உச்சம் ஃபீல்டு மார்ஷல். மானெக்‌ஷாவும் கரியப்பாவும் மட்டுமே அதைப் பெற்றவர்கள். பாகிஸ்தானில் 1958-இல் ஆட்சியைப் பிடித்த அயூப் கான் மறு ஆண்டே தன்னை ஃபீல்டு மார்ஷல் ஆக்கிக்கொண்டார். மானெக்‌ஷாவுக்கு 1973 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கொடுத்தார். அவரும் அந்த மாதமே ஓய்வு பெற்று, பிறகு குன்னூரில் குடியேறினார்.

நம் சாசனத்தின் 53-ஆவது பிரிவுப்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அதுவும் சட்டப்படிதான் செலுத்தப்பட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. 2002-இல் அந்தப் பதவிக்குப் போட்டியிட்ட இருவருமே சென்னையோடு சம்பந்தப்பட்டவர்கள். ஒருவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அப்துல் கலாம். இடதுசாரிகள் நிறுத்திய இன்னொருவர் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, போஸின் ஜான்சி ராணிப் படைப்பிரிவை நடத்திய லட்சுமி. அதைவிடப் பெரிய பதவி பிறகு கிடைத்தும் நாடு அவரைக் கேப்டன் லட்சுமி என்றே அழைத்தது. கலாம் வென்றார். படையில் சேர்ந்திராத அந்த விஞ்ஞானிக்கு ஜூலை 25-இலிருந்து முப்படைத் தளபதிகளும் சல்யூட் அடித்தார்கள். 87 வயதில் தோற்ற கேப்டன் லட்சுமி கான்பூரில் தன் மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்த்தார்.